பஸ் காசும் மருந்துதான்

கேள்வி: மேடம், நான் கோவையில் ஒரு கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம் படிக்கிறேன். விடுதியில் தங்கியிருக்கிறேன். ஊர் பவானி பக்கம், அப்பா தறி ஓட்டுகிறார். எங்கள் கல்லூரியில் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்காக நிதி திரட்டும் மாணவர் குழு ஒன்று இருக்கிறது. சீனியர் அக்கா ஒருவர் என்னையும் சேரச் சொல்கிறார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் கொடுக்க என்னிடம் பணம் கிடையாது, நாலு பேர் முன்னால் நின்று பேசவும் வராது. அந்தக் குழந்தைகளைப் பார்த்தால் அழுதுவிடுவேன். அம்மாவோ, "அந்த மாதிரி ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகாதே, ஏதாவது ஒட்டிக்கும்" என்கிறார். போன வருடம் போஸ்டரில் முடி கொட்டிய ஒரு குட்டிப் பையனின் முகத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். எனக்கு என்னவோ போல் இருந்தது. கேட்டதற்கு, "படம் போடலேன்னா யாரும் காசு போட மாட்டாங்க" என்றார்கள். வசூலாகும் பணம் ஒரு சீனியர் அண்ணாவின் ஜிபே எண்ணுக்குப் போகிறது. இதெல்லாம் சரியா? முதல் கூட்டம் வரும் சனிக்கிழமை. போகட்டுமா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

போங்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது "எனக்கு என்னவோ போல் இருந்தது" என்ற வரி. அப்படித் தோன்றுகிற ஓர் ஆள் அந்தக் குழுவுக்கு அவசரமாகத் தேவை. நீங்கள் பி.காம். படிப்பது அதைவிட நல்ல செய்தி. ஏன் என்று போகப்போகத் தெரியும்.

நான் 22 வருடமாகக் குழந்தைகள் புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவ சமூகப் பணியாளராக இருக்கிறேன். டாக்டர்கள் கட்டியைப் பார்ப்பார்கள், ரத்தத்தைப் பார்ப்பார்கள். அந்தக் குடும்பம் அடுத்த தேதிக்குத் திரும்பி வருமா என்று பார்ப்பது என் வேலை. கேட்கச் சின்ன வேலை போலத் தெரியும். பல குழந்தைகளின் உயிர் அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு தகப்பனைப் பற்றிச் சொல்கிறேன். தர்மபுரிப் பக்கம் ஒரு கிராமம், கூலி வேலை. மகனுக்கு ஐந்து வயது, ரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இதுதான், நன்றாகக் குணமாகக் கூடியதும்கூட. முதல் சில மாதங்கள் கடுமையான கீமோ. ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார்கள். பையன் தேறினான், முடி திரும்ப முளைத்தது. அப்புறம் பராமரிப்புச் சிகிச்சை: தினம் இரவில் மாத்திரை, வாரம் ஒரு நாள் இன்னொரு மாத்திரை, குறிப்பிட்ட இடைவெளியில் வந்து ரத்தம் பார்த்து, முதுகுத் தண்டில் ஊசி போட்டுக்கொண்டு போக வேண்டும். இந்த நோய்க்கு மொத்தச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று வருடம் வரை நீளும்.

பராமரிப்பில் எட்டாவது மாதம் அவர்கள் வரவில்லை. போன் செய்தேன். "பையன் நல்லா ஓடியாடுறான் மேடம். மாத்திரை கொஞ்சம் இருக்கு. அடுத்த மாசம் வந்துடறோம்" என்றார். அடுத்த மாதமும் வரவில்லை. பிறகு அந்த எண்ணே போகவில்லை. நாலு மாதம் கழித்துக் காய்ச்சலோடு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார். நோய் திரும்பியிருந்தது. திரும்பி வந்த நோயை அடக்குவது முதல் தடவையைவிட ரொம்பக் கடினம். அவனை எங்களால் காப்பாற்ற முடியவில்லை.

எல்லாம் முடிந்து ஃபைலை ஒப்படைக்க வந்த அன்று, மஞ்சப்பையிலிருந்து மடித்து வைத்த ஒரு கட்டுத் தாள்களை எடுத்து என் மேஜையில் வைத்தார். தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் கணக்கு எழுதி, நூல் போட்டுக் கட்டியிருந்தார். "பஸ் 2 ஆள், பையனுக்கு அரை டிக்கெட். டீ. இட்லி பார்சல். ராத்திரி பாய் வாடகை. மாஸ்க். ஆட்டோ. கூலி போச்சு 2 நாள்." ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தாள். கூட்டினால் ஒரு நடைக்கு 1,500 ரூபாய், போன கூலியையும் சேர்த்தால் 2,000-க்கு மேல். கடைசித் தாளில் "ஆடு 1" என்று மட்டும் இருந்தது. விற்க அதற்கு மேல் அவர் வீட்டில் எதுவும் இல்லை.

அந்தத் தாள்களில் "மருந்து" என்ற சொல் ஒரு தடவைகூட இல்லை. மருந்துச் செலவை அரசின் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது.

உங்கள் குழு எதற்காக இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டால், அந்தத் தாள்களைத்தான் காட்டுவேன். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அரசு ஆஸ்பத்திரிகளில் கட்டணம் கிடையாது. 20 வருடம் முன்பு நகையை அடகு வைத்துக் கீமோ மருந்து வாங்கியவர்களைப் பார்த்த எனக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று தெரியும். ஆனால் அட்டை பஸ் ஏறாது. அறை வாடகை கொடுக்காது. ஆஸ்பத்திரி வாசலில் மூன்று மாதம் காத்துக்கிடக்கும் அம்மாவுக்குச் சாப்பாடு போடாது. ஊரில் பாட்டியிடம் விட்டுவந்த இன்னொரு பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாது. சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் உடன் போகும் ஒருவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை இருக்கிறது, ஆஸ்பத்திரிச் சான்றிதழ் காட்டினால் போதும். இது தெரியாமல் முழு டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் நிறைய. ரயிலே போகாத ஊர்க்காரர்களுக்கு அதுவும் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகத்தில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் புற்றுநோய் வருகிறது. பணக்கார நாடுகளில் அவர்களில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள். ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பல இடங்களில் 30 சதவீதம்கூடத் தேறுவதில்லை. நோய் ஒன்றுதான். தாமதமாகக் கண்டுபிடிப்பது, தப்பாகக் கண்டுபிடிப்பது, மருந்தின் கடுமையைத் தாங்க முடியாமல் போவது, இவற்றோடு சிகிச்சையைப் பாதியில் விடுவதையும் ஒரு முக்கியக் காரணமாக அந்த நிறுவனம் சொல்கிறது. 2030-க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 சதவீதக் குழந்தைகளையாவது பிழைக்க வைக்க வேண்டும் என்று 2018-ல் இலக்கு வைத்தார்கள். டாக்டர்கள் பார்க்க வேண்டிய பங்கை டாக்டர்கள் பார்ப்பார்கள். பாதியில் விடாமல் பார்த்துக்கொள்வதில் பி.காம். இரண்டாம் வருட மாணவிக்கும் பங்கு உண்டு.

என்னிடம் கொடுக்கப் பணம் இல்லை என்கிறீர்கள். சில வருடம் முன்பு ஒரு கல்லூரிப் பிள்ளைகள் எங்களிடம் வந்தார்கள். முதல் வருடம் பெரிய கலைநிகழ்ச்சி நடத்தினார்கள். மேடை, ஒலிபெருக்கி, பனியன், பேனர் எல்லாம் போக மிஞ்சியது அவர்களுக்கே வருத்தமாக இருந்தது. அடுத்த வருடம் 140 பேர், மாதம் ஆளுக்கு 50 ரூபாய் என்று முடிவு செய்தார்கள். மாதம் 7,000 ரூபாய். அதில் நாலு குடும்பங்கள் தேதி தவறாமல் வந்து போயின. பெரிய தொகை கிடையாது, செய்தித்தாளில் படமும் வராது. ஆனால் ஜூன் மாதம் வந்தது, ஜூலையிலும் வந்தது, தேர்வு நடந்த நவம்பரிலும் வந்தது. எங்களுக்கு வேண்டியது அதுதான். இரண்டரை வருடச் சிகிச்சைக்கு ஒரு நாள் கொண்டாட்டத்தின் பணம் ஈடுகொடுக்காது.

விழாவே கூடாது என்று சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர்கள் 1973 முதல் ஆண்டுதோறும் ஒரு நடன மாரத்தான் நடத்துகிறார்கள். இப்போது அது 46 மணி நேரம், ஆடுகிறவர்கள் உட்காரவும் கூடாது, தூங்கவும் கூடாது. கோடிக்கணக்கான ரூபாய் சேர்கிறது. அந்தப் பணம் புற்றுநோய் வந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்குக் காப்பீடு கட்டாத செலவைக் கட்டுகிறது. கவனியுங்கள், அந்த ஊரிலும் காப்பீடு விட்ட இடத்தைத்தான் மாணவர்கள் பிடித்திருக்கிறார்கள். ஆட்டம் ஒரு வார இறுதிதான், அதற்கான வேலை வருடம் முழுக்க நடக்கிறது. அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்ட இன்னொன்றையும் உங்கள் குழுவிடம் சொல்லுங்கள். சாலையோரம் டப்பா ஏந்தி வசூல் செய்ய வார இறுதிகளில் வெளியூர் போவார்கள். 2015-ல் அப்படிப் போய்த் திரும்பிய ஒரு மாணவி சாலை விபத்தில் இறந்துபோனார். அதன் பிறகு அந்த முறையைப் படிப்படியாக நிறுத்தினார்கள். நம் ஊரில் சிக்னலில் பிள்ளைகள் உண்டியலோடு பஸ்களுக்கு நடுவே புகுந்து போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அடிவயிறு கலங்கும். உங்கள் குழுவில் யாராவது சிக்னல் வசூல் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

காசு கேட்க உங்களுக்குக் கூச்சமாக இருக்கலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனை எப்படி வந்தது என்று நினைத்துப் பாருங்கள். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டித்தான் அதைத் தொடங்கினார். 1954-ல் திறந்தபோது வெறும் 12 படுக்கை. மறு வருடம் அங்கே வேலைக்குச் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-ல் இறக்கும் வரைக்கும் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. நீங்கள் கையில் எடுக்கப் போகும் ரசீதுப் புத்தகத்துக்கு நம் ஊரில் நல்ல பரம்பரை இருக்கிறது.

இப்போது அந்தப் போஸ்டர்.

எங்களிடம் சிகிச்சை எடுத்த ஒரு பெண் குழந்தை. நாலு வயதில் வந்தாள், குணமாகிப் போனாள். இரட்டைச் சடை, பள்ளியில் கோகோ விளையாடுவாள். ஆறாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் அவள் அம்மா என்னைக் கூப்பிட்டு அழுதார். ஏதோ ஒரு அமைப்பு, அவள் சிகிச்சையில் இருந்தபோது எடுத்த படத்தை அத்தனை வருடம் கழித்துத் தன் வசூல் பேனரில் போட்டிருந்தது. மொட்டைத் தலை, மூக்கில் குழாய், கீழே "என்னைக் காப்பாற்றுங்கள்" என்ற எழுத்து. அதை ஒரு வகுப்புத் தோழி பார்த்துவிட்டாள். அடுத்த நாளிலிருந்து அவளோடு யாரும் டிபன் பாக்ஸ் பகிர்ந்துகொள்ளவில்லை. படம் எடுத்த அன்று அம்மா சம்மதித்தது உண்மைதான். "எந்த நிலைமையில சம்மதிச்சேன் மேடம், அவங்க அரிசி மூட்டையும் பால் பவுடரும் கையில வச்சுக்கிட்டு நின்னாங்க" என்றார்.

உதவி கையில் இருக்கும்போது கேட்கிற சம்மதத்தைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் சீனியர்கள் கெட்டவர்கள் கிடையாது. படம் இல்லாமல் காசு வராது என்று உண்மையாகவே நம்புகிறார்கள். அவர்களிடம் டெர்ரி ஃபாக்ஸைப் பற்றிச் சொல்லுங்கள். கனடாவின் கல்லூரி மாணவர். 1977-ல், 18 வயதில், எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தார். கீமோ எடுத்த நாட்களில் வார்டில் மற்ற நோயாளிகள் பட்ட பாட்டைப் பார்த்தது அவர் மனதை விட்டுப் போகவில்லை. 1980-ல் செயற்கைக் காலோடு கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து ஓடத் தொடங்கினார். நாட்டில் ஒவ்வொருவரும் ஒரு டாலர் தந்தால் போதும் என்றார். 143 நாளில் 5,373 கிலோமீட்டர் ஓடினார், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் நிறுத்த வேண்டியதாயிற்று. அடுத்த வருடம் இறந்துபோனார். அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் காலை உலகத்துக்கே காட்டினார். ஆனால் அது அவருடைய கால், காட்ட முடிவு செய்ததும் அவர். ஐந்து வயதுக் குழந்தையால் அப்படி ஒரு முடிவை எடுக்க முடியாது. இருபது வயதில் தன் கல்யாணப் பேச்சு நடக்கும்போது அந்தப் படம் எங்கே இருக்கும் என்று அதற்குத் தெரியாது.

முகத்துக்குப் பதில் என்ன போடுவது? ஒரு பஸ் டிக்கெட்டைப் போடுங்கள். "தர்மபுரியிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒரு நடை: 1,500 ரூபாய். இன்னும் 18 நடை பாக்கி" என்று எழுதுங்கள். குழந்தைகள் வரைந்த படங்கள் வார்டில் நிறையக் கிடைக்கும். அவர்களும் பெற்றோரும் ஒத்துக்கொண்டால், பெயர் போடாமல், அதைப் போடலாம். நான் பார்த்த வரையில், தன் காசு எங்கே போகிறது என்று தெரிந்து கொடுக்கிறவர்கள் அடுத்த மாதமும் கொடுக்கிறார்கள். முகத்தைப் பார்த்துப் பதறிப்போய்க் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் அந்த ஒரு தடவையோடு சரி.

ஜிபே விஷயத்துக்கு வருகிறேன். அந்த அண்ணா நேர்மையானவராகவே இருக்கலாம். அவரைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை, அவருடைய பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: தனி ஆள் கணக்கில் வசூல் பணம் விழக் கூடாது. நாளைக்கு அவர் வீட்டில் ஓர் அவசரம் வரலாம், போன் தொலையலாம், வருமான வரித் துறை கேள்வி கேட்கலாம், யாரோ ஒருவர் வாய்க்கு வந்ததைப் பேசலாம். பதில் சொல்ல அவரிடம் எதுவும் இருக்காது. பணம் நேராக ஆஸ்பத்திரியின் நோயாளி நல நிதிக்கோ, முறையாகப் பதிவு பெற்ற ஒரு அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கோ போகட்டும். கியூஆர் அட்டையில் அந்த அமைப்பின் பெயர் வரட்டும். 80ஜி வரிச்சலுகை உண்டா என்று கொடுக்கிறவர்கள் கேட்பார்கள். பதிவுள்ள அமைப்பு என்றால்தான் அது கிடைக்கும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, புது வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடையாது. துபாய் மாமா, அமெரிக்கச் சித்தப்பா என்று யாராவது அனுப்ப வந்தால் நிறுத்துங்கள். அவர்கள் வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் என்றால், அந்தப் பணத்தை வாங்க அந்த அமைப்புக்கு மத்திய அரசின் தனிப் பதிவு வேண்டும்.

உண்டியல் வைத்தால் இரண்டு பேராகத் திறந்து, இரண்டு பேராக எண்ணி, அன்றைக்கே எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ரசீதுப் புத்தகத்துக்கு வரிசை எண் இருக்கட்டும். ரசீது தப்பாகிவிட்டால் கிழித்து எறியாமல் குறுக்கே கோடு போட்டு அதிலேயே வைத்திருங்கள். மாதக் கடைசியில் வரவு, செலவு, இருப்பு மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிக் கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இதை யார் செய்வது? மேடை ஏறிப் பேசத் தெரியாத, கணக்கு எழுதத் தெரிந்த ஒருவர். பாட்டுப் பாடவும் ஆடவும் உங்கள் குழுவில் பத்துப் பேர் இருப்பார்கள். இந்த நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை என்றீர்களே, உங்களிடம் இருப்பது இதுதான்.

அம்மாவிடம் பொறுமையாகப் பேசுங்கள். தன் பெண்ணுக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்ற பயம்தான் அவருக்கு. புற்றுநோய் தொட்டாலோ பக்கத்தில் உட்கார்ந்தாலோ ஒட்டாது. உண்மையில் ஆபத்து எதிர்ப்பக்கம்தான் இருக்கிறது, நம்மிடமிருந்து அந்தக் குழந்தைகளுக்கு. கீமோவில் ரத்த அணுக்கள் குறையும் நாட்களில், கவுன்ட் இறங்கிவிட்டது என்று வார்டில் சொல்வோம், நமக்குச் சாதாரணச் சளி அவர்களுக்கு ஐசியூ வரை கொண்டுபோகும். சின்னம்மை இன்னும் மோசம். உங்கள் விடுதியில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் வார்டுப் பக்கமே வரக் கூடாது. லேசாகத் தொண்டை கரகரத்தாலும் வேண்டாம். கேக், நறுக்கிய பழம், பூங்கொத்து, எதையும் நர்ஸைக் கேட்காமல் உள்ளே கொண்டுவராதீர்கள். அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எனக்கு ஒட்டும்னு நீ பயப்படுறே. என்னால அந்தப் பிள்ளைங்களுக்கு எதுவும் ஒட்டக் கூடாதுன்னு டாக்டருங்க பயப்படுறாங்கம்மா." பிள்ளை பெற்றவருக்கு அது புரியும்.

அழுகை வரும். எனக்கு 22 வருடம் கழித்தும் வருகிறது. வந்தால் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்புங்கள். அதில் வெட்கம் வேண்டாம். ஆனால் அந்தக் குழந்தைகள் நம்மை வேறு விதமாகப் பார்ப்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கையில் வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றும் ஊசிக்குழாய், குத்தியிருக்கும், பிளாஸ்டர் ஓரம் அழுக்கேறி இருக்கும், அந்தக் கையை ஜாக்கிரதையாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுகையால் தாயம் உருட்டி, "அக்கா, நீங்க ஏமாத்துறீங்க" என்று சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு நம் இரக்கத்தால் ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆட்டத்துக்கு ஓர் ஆள் வேண்டும். ஒன்றே ஒன்று: நிச்சயமாக வர முடியும் என்றால் தவிர "நாளைக்கு வர்றேன்" என்று எந்தக் குழந்தையிடமும் சொல்லாதீர்கள். அவர்கள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

நீங்கள் பழகிய ஒரு குழந்தை இறந்துபோகலாம். மறைக்க விரும்பவில்லை. அந்த வாரம் தனியாக அறைக்குள் உட்கார்ந்திருக்காதீர்கள். குழுவில் ஒருவரோடு பேசுங்கள், அந்த ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் வாருங்கள். எங்கள் வேலையில் அதுவும் சேர்த்திதான். வார்டு உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றால் வராமலே இருக்கலாம். கணக்கு எழுதுகிறவர் வார்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது?

பணமே இல்லாமல் உங்கள் குழு செய்யக் கூடிய பெரிய காரியம் ஒன்று இருக்கிறது, அது பிளேட்லெட் தானம். ரத்தம் உறைய உதவும் அணுக்கள்தான் பிளேட்லெட். கீமோவில் பிளேட்லெட் இறங்கினால் மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும், உள்ளேயும் கசியலாம். தானமாக வாங்கிய பிளேட்லெட்டைப் பொதுவாக ஐந்து நாளைக்கு மேல் வைக்க முடியாது, அதனால் மாதக்கணக்கில் சேர்த்து வைக்க வழியில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குத் தேவைப்பட்டால் ஒன்பது மணிக்குத்தான் ஆள் தேட வேண்டும். வெளியூரிலிருந்து வந்த அப்பா, தெரியாத ஊரில் யாரைப் போய்க் கேட்பார்? 18 வயது நிரம்பிய, உடம்பு நன்றாக இருக்கிற மாணவர்கள் ஒரு பட்டியலில் இருந்தால் அந்த இரவே வேறு. ரத்த வகை, எடை, கடைசியாகக் கொடுத்த தேதி, போன் எண், இவ்வளவு போதும். சாதாரண ரத்த தானத்துக்கு 45 கிலோ எடையும் ஹீமோகுளோபின் 12.5-ம் இருக்க வேண்டும். இயந்திரத்தில் பிளேட்லெட்டை மட்டும் பிரித்து எடுப்பதற்கு எடை இன்னும் கொஞ்சம் கூட வேண்டும், ஒன்றரை மணி நேரமாவது ஆகும், சமீபத்தில் ஆஸ்பிரின் போட்டிருக்கக் கூடாது. நம் பெண் பிள்ளைகள் பலருக்கு ஹீமோகுளோபின் குறைவு. கொடுக்க முடியவில்லை என்றால் மனம் உடைய வேண்டாம், உங்கள் ஹீமோகுளோபினைச் சரி செய்துகொள்ளுங்கள், பட்டியலைப் பராமரியுங்கள்.

இன்னொன்று சுருக்கமாக. நீங்கள் அச்சடிக்கும் நோட்டீஸின் பின்பக்கம் சும்மாதானே இருக்கும். அங்கே இதைப் போடுங்கள்: விடாத காய்ச்சல், வெளிறிப்போன முகம், அடிபடாமலே உடம்பில் நீலத் திட்டு, ராத்திரியில் எலும்பு வலி, வயிற்றிலோ கழுத்திலோ கட்டி, காலையில் தலைவலியோடு வாந்தி, படம் எடுக்கும்போது கண்மணியில் வெள்ளையாகத் தெரியும் ஒளி. இவை எல்லாமே புற்றுநோய் கிடையாது, பெரும்பாலும் வேறு எதுவாகவோதான் இருக்கும். ஆனால் ஒரு தடவை குழந்தைகள் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். உங்கள் பவானிப் பக்கத் தறிக்கூடங்களில் நாலு பேர் இதைப் படித்தால்கூடப் போதும்.

படிப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். வாரம் மூன்று மணி நேரம், தேர்வு மாதத்தில் ஒரு மணி நேரம் என்று முதல் நாளே சீனியரிடம் சொல்லிவிடுங்கள். முதல் மாதம் ராப்பகலாக ஓடிவிட்டு மூன்றாம் மாதம் காணாமல் போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்சமாகக் கொடுத்துக் கடைசி வரை கொடுங்கள்.

சரி, சனிக்கிழமை. ஒரு நீளமான கணக்கு நோட்டு வாங்கிக்கொண்டு போங்கள். கூட்டத்தில் எல்லோரும் பேசி முடித்ததும், சண்டைக்குப் போகிற குரலில் இல்லாமல், இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்: போன வருடம் எவ்வளவு வந்தது, அது எந்த மாதம் எந்தச் செலவுக்குப் போனது? பதில் தெரியவில்லை என்றால், "நான் எழுதட்டுமா அக்கா?" என்று கேட்டு நோட்டைத் திறங்கள். அப்புறம் ஆஸ்பத்திரியின் சமூகப் பணிப் பிரிவுக்கு ஒரு தடவை போய், அடுத்த மாதம் எத்தனை குடும்பத்துக்குத் தேதி இருக்கிறது, எந்தெந்த ஊரிலிருந்து வர வேண்டும் என்று கேட்டு வாருங்கள். பெயர் வேண்டாம், ஊர் போதும்.

அந்த நோட்டின் முதல் பக்கத்தில் கோடு போடும்போது, முதல் செலவுப் பத்திக்கு மேலே "பஸ்" என்று எழுதுங்கள்.